நான் சொன்ன ‘அது’

பார்வையில்லாத ஒரு கல்லூரி மாணவிக்காக ஆங்கில நாவல்களை வாசித்து, போனில் பதிவு செய்து அனுப்பி வருகிறேன். இந்தப் பருவத்தில் அவளுக்கு மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ பாடம். விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்ற இளைஞன் ஓர் உருவத்தைப் படைத்து உயிர் கொடுக்கும் கதை. அத்தியாயத்தை வாசித்து முடித்ததும் கதையைத் தமிழில் சுருக்கமாகச் சொல்லிவிடுவேன். அந்த உருவம் விக்டரோடு பேசும் பத்தாவது அத்தியாயம் போன அன்று கூப்பிட்டாள்.

“அக்கா, அவன் இவ்வளவு பேசுறானே, நீங்க ஏன் ‘அது’ன்னே சொல்றீங்க?”

எனக்குப் பதில் வரவில்லை. ஆங்கிலத்தில் வாசிக்கும்போது மேரி ஷெல்லி எழுதிய சொல்தான் என் வாயில் வரும். தமிழில் சொல்லும்போது அவனா, அவரா, அதுவா என்று முடிவு செய்வது நான். பழைய பதிவுகளைத் திரும்பக் கேட்டேன். விக்டருக்கு எல்லா இடத்திலும் ‘அவர்’ போட்டிருக்கிறேன். பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து உயிர் கொடுத்துவிட்டு, அவன் கண் திறந்ததும் அறையை விட்டு ஓடியவருக்கு அவ்வளவு மரியாதை.

நாவலில் படைக்கப்பட்டவனுக்குப் பெயரே கிடையாது. மற்றவர்கள் வைத்து அழைக்கும் சொற்கள்தான் உண்டு. அரக்கன், பிசாசு, பூச்சி என்று விக்டர் அடுக்கிக்கொண்டே போகிறான். பனிமலையில் இருவரும் சந்திப்பதற்குள் விக்டரின் தம்பியை அவன் கொன்றிருந்தான், அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் முதல் இரவில் அவன் என்ன செய்தான்? படுக்கைத் திரையை விலக்கிப் பார்த்தான், சிரித்தான், ஒரு கையை நீட்டினான். அதற்குள்ளேயே விக்டர் வாயில் அரக்கன் வந்துவிட்டது.

என்னை மிகவும் அலைக்கழித்த இடம், காட்டிலிருக்கும் ஓர் ஏழைக் குடும்பத்தின் பகுதி. அவன் ஒளிந்திருந்தபடி, இரவில் அவர்களுக்கு விறகு கொண்டுவந்து வைக்கிறான், பாதையில் கிடக்கும் பனியை அள்ளி அப்புறப்படுத்துகிறான். யார் செய்தது என்று தெரியாமல் அவர்கள் ‘நல்ல ஆவி’ என்கிறார்கள். அந்தச் சொல்லின் பொருள் அப்போது அவனுக்குத் தெரியாது. பிறகு ஒருநாள் அவனைக் கண்ணால் பார்த்தவுடன், அதே வீட்டு மகன் தடியால் அடிக்கிறான். விறகு கொண்டுவந்த கை அதேதான். மாறியது அவர்கள் வைத்த பெயர்.

1818இல் நாவல் வந்தது. 1823இல் லண்டனில் நாடகமாகப் போட்டபோது, நடிகர் பட்டியலில் அவன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடுதான் இருந்தது. மேரி ஷெல்லி அதைப் பார்த்து ரசித்திருக்கிறார். 1931இல் வந்த ஹாலிவுட் படத்தின் தொடக்க எழுத்துகளில், அந்த வேடத்தில் நடித்தவர் பெயருக்குப் பதிலாகக் கேள்விக்குறி. அப்புறம் ஊரே சேர்ந்து, படைத்தவனின் பெயரை அவன் தலையில் கட்டிவிட்டது. கல்லூரி நாள் வரை நானும் ஃபிராங்கன்ஸ்டைன் என்றால் அவன்தான் என்று நினைத்திருந்தேன்.

அவன் விறகு கொண்டுவந்து வைத்த அந்தக் காட்டு வீட்டுப் பெரியவருக்குக் கண் தெரியாது. மற்றவர்கள் வெளியே போன நேரத்தில் அவன் அவரிடம் போய்ப் பேசுகிறான், அவரும் அன்பாகப் பேசுகிறார். அந்தப் பதினைந்தாம் அத்தியாயம் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று நானே நினைத்துக்கொண்டு, கூடுதல் கவனத்தோடு வாசித்து அனுப்பினேன்.

“கண்ணு தெரியாதவர்னாலே நல்லவராக் காட்டிடுறாங்க அக்கா,” என்றாள். “கடைசியில அவன் கையைப் பிடிச்சதும், அவரும் ‘கடவுளே, யார் நீ’ன்னுதானே கத்துறார்?”

அது சரிதான். அந்த வரியை எத்தனையோ முறை வாசித்திருந்தும் அவரை நல்லவர் என்று மட்டுமே வைத்திருந்தேன். அவளுக்கும் ஓர் இடத்தை நானே ஒதுக்கி வைத்திருந்தேன் என்பது, போனை வைத்த பிறகும் வெகுநேரம் மனதை அறுத்தது.

முதல் பத்து அத்தியாயங்களின் சுருக்கத்தையும் மறுபடி பதிவு செய்துவிட்டேன். இப்போது இருவரும் ‘அவன்’. அடுத்து வரும் பதினாறாம் அத்தியாயத்தில், ஆற்றில் விழுந்த பெண்ணைக் காப்பாற்றியதற்காக அவன் துப்பாக்கிக் குண்டு வாங்குகிறான். இன்று இரவு அதை வாசிக்க வேண்டும்.