மூன்று மீட்டர் தூரத்தில்: முதுநகர் துறைமுகத்தில் ஓராண்டு

கடந்த ஓராண்டாக ஞாயிற்றுக்கிழமைதோறும் விடியற்காலையில் கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்துக்குச் சென்று, மனிதர்கள் தம் வேலையில் மூழ்கியிருக்கும் நேரத்தில் அவர்களைப் படம் எடுத்துப் பழகி வருகிறேன். எடுத்த படங்கள் சில ஆயிரம் இருக்கும். அச்சிட்டுச் சுவரில் ஒட்டலாம் என்று மனம் ஒப்பியவை பதினொன்றுதான்.

முதல் இரண்டு மாதங்கள் வீணாயின என்றே சொல்ல வேண்டும். யாருக்கும் தெரியாமல் எடுப்பதுதான் இயல்பான படம் என்று நம்பி, 200 மி.மீ. வரை நீளும் ஜூம் லென்ஸை மாட்டிக்கொண்டு ஐஸ் லாரிகளின் மறைவில் நின்றேன். முகங்கள் பெரிதாக வந்தன. ஆனால் துறைமுகம் படத்தில் இல்லை. தவிரவும், யாருக்கும் தெரியவில்லை என்பது என் நினைப்பு மட்டுமே. ஏலத் திடலில் சங்கரா மீன் கூடையுடன் அமர்ந்திருந்த அம்மாள் ஒருவர், "என்னா தம்பி, மீன வாங்க வந்தியா, எம்மூஞ்சிய வாங்க வந்தியா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். நான் கேமராவைப் பையில் வைத்துவிட்டு அரைக் கிலோ மீன் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். அடுத்த மூன்று வாரங்களும் மீன் மட்டுமே வாங்கினேன்.

அதற்குப் பிறகு, சுற்றுப்புறத்தையும் சேர்த்து அகலமாகப் பிடிக்கும் 23 மி.மீ. லென்ஸுக்கு மாறினேன். என்னுடைய கேமராவின் சென்சார், அதாவது ஒளியைப் பதிவு செய்யும் சில்லு, ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவு என்பதால், லென்ஸில் ஒளி நுழையும் துளையை எஃப் 8 என்ற சிறிய அளவில் வைத்துக் குவியத்தை (ஃபோகஸை) மூன்று மீட்டரில் நிறுத்திவிட்டால், ஏறத்தாழ ஒன்றரை மீட்டருக்குச் சற்று அப்பாலிருந்து முப்பது மீட்டர் வரை எல்லாமே ஏற்கத்தக்க தெளிவுடன் விழும். கூடை தலைக்கு ஏறும் அரை நொடிக்குள் ஆட்டோ ஃபோகஸ் எதைப் பிடிப்பது என்று தடுமாறிக்கொண்டிருக்கும் தொல்லை இல்லை. வெளிச்சம் குறைந்த நேரத்தில் கேமராவின் ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 3200 வரை ஏற்றுகிறேன். அதனால் திரையில் உறுத்தும் புள்ளிகள் அச்சில் உறுத்துவதில்லை.

அந்த அம்மாளின் படம் நான்காவது வாரத்தில் கிடைத்தது. ரூபாய் நோட்டுகளைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் கூடையைத் தூக்கிச் சும்மாட்டின் மேல் வைக்கிறார். கூடையிலிருந்து வடியும் நீர் பட்டுவிடாமல் இருக்க ஒரு கண் மட்டும் சுருங்கியிருக்கிறது. நான் நிற்பது அவருக்குத் தெரியும். ஆனால் அதற்குள் நான் அவருக்குப் புதுமையானவனாக இல்லை. அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அவர் தம் முகத்தைப் பார்க்கவே இல்லை. "பல்லுல இருக்கறது எவ்வளவுன்னு எண்ணிச் சொல்லு, அன்னிக்கு ஐம்பது ரூவா கொறஞ்சிது" என்றார். எண்ணிப் பார்த்தோம். மடிப்பில் மறைந்தவை போக நான்கு நோட்டுகள் தெரிந்தன.

நொடிப்பொழுதைப் பிடிப்பதற்குப் பெயர் பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரஸோன் 1950 ஏப்ரலில் பக்கத்துப் புதுச்சேரிக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படம் எடுத்தார். அனுமதி பெற்றுத்தான் எடுத்தார். லாரி மறைவில் நின்ற நாள்களில் இது என் நினைவுக்கு வந்ததில்லை.

கடலூர்க் கடற்கரையான தேவனாம்பட்டினத்தில் மாசி மகத் தீர்த்தவாரி அன்று எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. சுவாமியை மணலில் இறக்கிய பிறகு, தூக்கி வந்த இளைஞர் தம் தோளில் தண்டு பதிந்த சிவந்த பள்ளத்தைத் தாமே எட்டிப் பார்க்க முயல்கிறார். மற்றவை எந்த ஊர்த் திருவிழாவிலும் எடுத்திருக்கக் கூடியவை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அக்காலத்தில் போய் என்ன பயன் என்று இருந்தவன், பழக்கத்தால் போனேன். முதல் நாள் குளிர்பதன அறையிலிருந்து கேமராவை எடுத்து நேரே உப்பனாற்றுக் கரைக்குக் கொண்டுபோனதால் லென்ஸில் நீர் பூத்து, முக்கால் மணி நேரம் ஒன்றும் செய்ய முடியவில்லை. (இப்போது பை இரவில் தாழ்வாரத்தில்தான் இருக்கிறது.) கண்ணாடி தெளியும்வரை, வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் அருகில் அமர்ந்திருந்தேன். கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, வலை ஊசியைச் செலுத்தி, ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு முடிச்சு போடுகிறார். அவ்வப்போது கிழிசலை நோக்கித் தலையைச் சாய்த்துக்கொள்கிறார். அந்தச் சாய்வை எடுத்தேன். வீட்டில் திறந்து பார்த்தபோதுதான், அவருக்குப் பின்னால் நீல வலைக் குவியலுக்குள் ஒரு குழந்தை உறங்குவது தெரிந்தது. என் பதினொன்றில் சிறந்தது இதுதான், ஆனால் இதை நான் எடுத்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

பெரியவரிடம் அச்சைக் கொடுத்தேன். பேரன் என்றார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "நான் வேணாம் தம்பி, புள்ளைய மட்டும் வெட்டிப் பெருசாப் போட்டுக் குடு" என்றார். வெட்டிப் பெரிதாக்கினால் தெளிவு கெடும் என்று விளக்கினேன். அவருக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. சென்ற வாரம் சட்டமிட்டுக் கொடுத்தேன். புள்ளிகள் நிறைந்த அந்த முகத்தைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள்.