தூசணம் உள்ள புத்தகம்

பாடப்புத்தகத்தைப் பற்றி ஒரு பெற்றோர் குறை சொல்லி வந்தால் ஆசிரியருக்குத் தலைவலி குறைவு. 1980 முதல் இலங்கை அரசாங்கம் இலவசமாகத் தருகிற புத்தகம், பாடத்திட்டம் தயாராவது மஹரகம தேசிய கல்வி நிறுவகத்தில், "எங்கட கையில ஒண்டுமில்ல" என்று சொல்லி அனுப்பிவிடலாம். எங்கள் கிறிஸ்தவ சபையில் இதெல்லாம் கூடாது, மகன் கம்பராமாயணச் செய்யுளைப் பாடமாக்க மாட்டான் என்று ஒரு தாய் வந்தபோது அப்படித்தான் முடிந்தது. சோதனைக்கு வரும் என்றதும் அவவே விட்டுவிட்டா. சிக்கல் எல்லாம் நாமாகத் தெரிந்து கொடுக்கிற புத்தகத்தில்தான், அங்கே கைகாட்ட மஹரகம கிடையாது.

மட்டக்களப்பில் செங்கலடிப் பக்கம் தமிழ் படிப்பிக்கிறேன், பள்ளிக்கூட நூலகமும் என் பொறுப்பு. ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் தரம் 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறுகதைத் தொகுப்பைக் கொடுத்து, ஒரு கதையைப் பற்றி எழுத வைத்து, அதைக் கணிப்பீட்டுக்கும் சேர்த்துக்கொள்வேன். ஒருமுறை கொடுத்த தொகுப்பில், இரவில் வீடு சோதிக்க வருகிறவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசுகிற கதை ஒன்று இருந்தது. ஏச்சு இரண்டு வரிதான். பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டில் இதைவிட மோசமாகக் கேட்டிருப்பார்கள். ஆனால் அந்த இரண்டு வரியை யாரோ போனில் படம் பிடித்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட, நான் வகுப்பால் வருவதற்குள் அதிபருக்கு மூன்று நான்கு அழைப்பு. அதிபர் நல்ல மனிசன், ஆனால் பிரச்சினை என்றாலே ஆகாது. "புத்தகத்தத் திருப்பி எடுத்துடுங்க டீச்சர், வேற கிடைக்காமலா போகும்?" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் சேர் என்று வந்துவிட்டேன்.

அடுத்த நாள் நேரே வந்தது ஒரு தகப்பன் மட்டும்தான். குழுவில் கொதித்த மற்ற யாரையும் காணவில்லை. ஹெல்மெட்டை நூலக மேசையில் வைத்துவிட்டு, போனில் அந்தப் படத்தைப் பெருப்பித்துக் காட்டினார். "பொம்புளப் புள்ளைக்குத் தூசணமா டீச்சர் படிப்பிக்கிறீங்க?" நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை, விளக்கத் தொடங்கினால் அது வாக்குவாதமாகத்தான் முடியும். புத்தகத்தைக் கொடுத்து, முழுக்கதையையும் வாசியுங்கள், பிறகு கதைப்போம் என்றேன். வாசித்துப் பழக்கமில்லாதவர், விரலை வரிக்கு வரி வைத்துத்தான் வாசித்தார். இடைவேளை மணி அடித்து, பிள்ளைகள் வந்து போய், திரும்பவும் மணி அடித்தது. முடித்த பிறகு முன்னுக்குப் புரட்டி ஒரு பக்கத்தை இன்னொருக்கா வாசித்தார்.

"தூசணத்த விடுங்க டீச்சர். இது எங்கட அண்ணனுக்கு நடந்த மாதிரிக் கிடக்கு. வீட்ட நாங்க அதக் கதைக்கிற இல்ல. அம்மா இன்னும் எங்களோடதான் இரிக்கிறா, இவள் போய் அவவிட்டக் கேட்டுடுவாள்."

எங்கள் பகுதியில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 1990 செப்டம்பர் 5 அன்று வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமிருந்தவர்களில் 158 பேர் இராணுவத்தால் கொண்டுபோகப்பட்டார்கள், அவர்கள் திரும்பி வரவில்லை. அந்த ஒரு நாள் மட்டுமா என்ன. கதைக்காமலே காலத்தைத் தள்ளுகிற வீடுகள் இங்கே ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கின்றன. அதற்காகத்தான் பிள்ளைகள் இதை வாசிக்க வேண்டும் என்று எனக்கு அழுத்தமான எண்ணம் உண்டு. ஆனால் அந்தக் கிழவியின் முன்னால் போய் நிற்கப்போவது நானில்லையே.

ஆகவே உங்கள் மகளுக்கு வேறு புத்தகம் தருகிறேன் என்றேன். அவர் அதோடு நிற்கவில்லை, எல்லாருக்கும் நிப்பாட்டுங்கள் என்றார். அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் வீட்டுக்கு எது சரி என்று நீங்கள் சொல்லலாம் அண்ணன், மற்ற வீட்டுக்காரர் அவர்களாக வந்து சொல்லட்டும் என்றேன். முகம் கொடுக்காமல்தான் எழும்பிப் போனார். சமாதானமாகப் போனார் என்று எழுத ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை.

வகுப்பில் அவளுக்கு மட்டும் வேறு புத்தகம் என்றால் காலத்துக்கும் கதையாகிவிடும். அவள் இருந்த வாங்கு முழுவதுக்கும் இரண்டாவது தொகுப்பைக் கொடுத்தேன், காரணம் கேட்டவர்களிடம் பிரதி போதாது என்றேன். பிரதி உண்மையிலேயே போதாதுதான். முதல் கதையை அவள் கூட்டாளியிடம் வாங்கி வாசித்தாளா என்று நான் விசாரிக்கவில்லை, நாமென்ன சிஐடியா.

இப்படி ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் எல்லாரும் வரிசையில் வருவார்கள் என்று சக ஆசிரியர் ஒருவர் பயமுறுத்தினார். முழுக்கதையையும் இங்கே இருந்து வாசித்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்று வைத்தேன், வரிசை ஒன்றும் வரவில்லை. அதிபரும் குழுவில் அதையே எழுதிப் போட்டார், அதற்குப் பிறகு அங்கே காலை வணக்கப் படங்கள்தான்.

இப்போது தவணைத் தொடக்கத்தில் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலேயே புத்தகப் பட்டியலைக் கொடுத்து, எந்தக் கதையில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுதி, பதிலுக்கு வேறு என்ன வாசிக்கலாம் என்றும் போட்டுவிடுகிறேன். பெற்றோர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "டீச்சர், இதெல்லாம் ஓஎல் சோதனைக்கு வருமா?"