வெரேடா: மதீராவில் மலைவழி, பிரேசிலில் ஈரநிலம்

போர்த்துகலைச் சேர்ந்த மதீராத் தீவின் நடைவழிப் பலகைகளில் லெவாடா, வெரேடா என்று இரண்டு சொற்கள் மாறி மாறி வரும். இரண்டும் பாதைதானே என்று கிளம்பினால் முழங்கால்தான் அவதிப்படும். லெவாடா என்பது பாசன வாய்க்கால். தண்ணீர் நிதானமாக ஓட வெட்டியது என்பதால், அதன் கரையில் நடக்கும்போது ஏற்றமே பெரும்பாலும் தெரியாது. வெரேடாவோ ஒற்றையடிப் பாதை. மலை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும்.

பலகையில் பி.ஆர். 1 (சிறு நடைவழி எண் 1) என்று இருப்பது அரியெய்ரோ வெரேடா. 1,818 மீட்டர் உயர அரியெய்ரோ சிகரத்திலிருந்து 1,862 மீட்டர் ரூய்வோ சிகரம் வரை, ஒரு வழிக்கு ஏறத்தாழ 7 கி.மீ. வித்தியாசம் 44 மீட்டர்தான் என்று நினைத்து விடாதீர்கள். நடுவில் ஆழமாக இறங்கி, செங்குத்துப் படிகளில் மறுபடி ஏற வேண்டும். ஒரு வழிக்கே மூன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். குகைவழிகள் உண்டு, தலைவிளக்கு கட்டாயம். மேகம் சூழ்ந்தால் கல் வழுக்கும், வழியும் மறையும். மஞ்சளும் சிவப்புமாக இணைகோடுகள் தெரிந்தால் சரியான வழி. பெருக்கல் குறி போலக் குறுக்கே கிடந்தால் திரும்பிவிடுங்கள். 2024 ஆகஸ்ட் காட்டுத்தீ இந்த மலைகளை மோசமாகத் தாக்கியது. திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் புறப்பட வேண்டாம். ரூய்வோவுக்கு மட்டும் போதுமென்றால் அஷாடா தோ தெய்ஷெய்ராவிலிருந்து 2.8 கி.மீ. வெரேடா ஒன்று இருக்கிறது, எவ்வளவோ எளிது.

வெரேடா என்ற சொல்லின் வேர் லத்தீன் ‘வெரேடுஸ்’, அதாவது அஞ்சல் குதிரை. அதை லத்தீன், பண்டைய கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுக் கெல்டிக் மொழியிலிருந்து வாங்கியது. குதிரையைக் குறிக்கும் ஜெர்மன் சொல் ‘ஃபெர்ட்’கூட இதே குடும்பம்தான். ஸ்பெயினில் வெரேடா என்றால் மந்தை ஓட்டும் வழி. பழைய அளவில் 25 வாரா, கிட்டத்தட்ட 21 மீட்டர் அகலம். போர்த்துகலில் அது ஒடுங்கிய நடைவழியாகவே நின்றது.

பிரேசிலின் செராடோ புல்வெளிகளில் பொருளே வேறு. அங்கே வெரேடா என்பது புரிட்டிப் பனைகள் வரிசைகட்டி நிற்கும் ஈரப் பள்ளம். வறண்ட மாதங்களிலும் மண் ஊறியே கிடக்கும். புல் மூடியிருப்பதால் தரை உறுதிபோலத் தோன்றும், கால் வைத்தால் புதையும். வண்டிச் சக்கரம் இறங்கினால் தடம் வடிகாலாகி ஈரத்தையே வெளியேற்றிவிடும். அதனால் பனை வரிசையைக் கண்டதும் மேட்டிலேயே ஒதுங்கி நடப்பது நல்லது. 2012-ஆம் ஆண்டின் வனச் சட்டமும் நிரந்தரச் சேற்றின் விளிம்பிலிருந்து குறைந்தது 50 மீட்டர் அகலப் பட்டையைப் பாதுகாப்புப் பகுதியாக வைத்திருக்கிறது.