லைட்டைப் போடுங்கப்பா

"ஓடாது, உதிரி பாகத்துக்கு மட்டும்" என்று எங்காவது எழுதியிருந்தால் போதும், எனக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடும். அப்படி வந்து சேர்ந்ததுதான் இந்தக் கேம் பாய், கையில் பிடித்து ஆடும் வீடியோ கேம் கருவி. 1989-இல் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி கொண்டுவந்த முதல் ரகம், செங்கல் மாதிரி இருக்குமே, அது. இழுப்பறையில் ஏற்கெனவே நான்கு பழைய கன்சோல்கள் மூச்சில்லாமல் கிடக்கின்றன.

"இது அஞ்சாவதா?" என்றாள் மனைவி.

"இல்லம்மா, நாலாவதுக்கு ஸ்பேர்." நாலாவது முற்றிலும் வேறு ரகம். அவள் அதைக் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். கவனித்திருக்கிறாள்.

பேட்டரி மூடியைத் திறந்தால், முன்பு வைத்திருந்தவர் நான்கு பேட்டரிகளையும் உள்ளேயே விட்டு மறந்திருக்கிறார். கம்பிச் சுருள்கள் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தன. இதைப் பலரும் பேட்டரி ஆசிட் என்பார்கள். உண்மையில் ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அமிலத்துக்கு நேர் எதிரான காரம். அதனால்தான் வினிகர் தொட்டுத் துடைக்கிறோம். தேய்ப்பதற்கு ஒரு பழைய டூத் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டேன். அது அவ்வளவு பழையதல்ல என்று மறுநாள் காலையில் அம்மா தெரிவித்தார். நல்லவேளை, வாயில் வைக்கும் முன்பே வினிகர் வாடை காட்டிக்கொடுத்துவிட்டது.

அடுத்து உடம்பைப் பிரிக்க வேண்டும். சாதாரண ஸ்க்ரூ டிரைவர் இங்கே செல்லாது. ஸ்க்ரூவின் தலையில் மூன்று சிறகு விரித்த மாதிரி பள்ளம் இருக்கும், அதற்கென்றே தனி முனை வேண்டும். அது என்னிடம் இருந்தது. பொறுமைதான் இல்லை. ஆறு ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு எண்ணினால் ஐந்து. வீடே தரையில் மண்டியிட்டது. ஆளுக்கொரு செல்போன் டார்ச். அரை மணி நேரத் தேடலில் ஒரு கம்மல், இரண்டு மாத்திரை, நான் ஒளித்துவைத்திருந்த ஒரு பார்சல் ரசீது ஆகியவை கிடைத்தன. ஸ்க்ரூ கிடைக்கவில்லை. ரசீது கிடைத்தபிறகு மேற்கொண்டு தேடும் சூழல் வீட்டில் இல்லை.

சரி, ஐந்தே போதும் என்று புது பேட்டரி போட்டு, ஆட்டம் பதிந்திருக்கும் கேசட் இல்லாமலே ஆன் செய்தேன். திரையின் மேலிருந்து ஒரு கறுப்புக் கட்டை மெதுவாக இறங்கி வந்து நடுவில் நின்றது. மற்றவர்களுக்கு அது கறுப்புக் கட்டை. எனக்கு, நாடித் துடிப்பு. நின்டெண்டோ லோகோவை இந்தக் கருவி கேசட்டிலிருந்துதான் படிக்கும். கேசட் இல்லையென்றால் லோகோ வரவேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டை வரும். அப்படியென்றால் மூளை வேலை செய்கிறது! நான் போட்ட கத்தலில் மனைவி ஓடி வந்து, "ஷாக் அடிச்சிடுச்சா?" என்றாள். மொத்தமே ஆறு வோல்ட். அதைச் சொன்னதும் திரும்பிப் போய்விட்டாள்.

திரையில் மூன்று இடத்தில் செங்குத்தாக வெள்ளைக் கோடுகள். வயசான கேம் பாய்க்கு வருவதுதான்; கண்ணாடியின் அடிவிளிம்பில் ஒட்டியிருக்கும் கேபிளின் பிடி விட்டுப்போயிருக்கும். சால்டரிங் அயர்னின் முனையால் அந்த விளிம்பை மெல்ல நீவிவிட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். நீவினேன். மூன்று கோடு ஏழானது. இன்னொரு தடவை. இரண்டானது. கை நடுங்க மூன்றாவது தடவை நீவியபோது எல்லாம் போய்விட்டன. அந்த நிமிடம் யாராவது பக்கத்தில் இருந்திருக்கலாம்.

அப்புறம், மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கி ஆடும் டெட்ரிஸ் கேசட்டைச் செருகினேன். மறுபடியும் கறுப்புக் கட்டை. மகள் கேசட்டை வாங்கி ஊதப் போனாள். தடுத்து நிறுத்தி, வாய் ஈரம் பட்டால் செப்புப் பட்டைகள் துருவேறும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்துத்தான் துடைக்க வேண்டும் என்று ஒரு வகுப்பெடுத்தேன். துடைத்தேன், காயவைத்தேன், செருகினேன். கறுப்புக் கட்டை. நான் இரண்டாவது பஞ்சுக்குச்சி தேடுகிற இடைவெளியில் அவள் உருவி, 'ஃபூ' என்று ஊதிச் செருகிவிட்டாள். டிங் என்று ஓசை, லோகோ, ஆட்டம். "ஊதினதால இல்லம்மா, திரும்ப எடுத்துச் செருகினதாலதான்" என்றேன். உண்மையும் அதுதான். ஆனால் அந்த வீட்டில் அன்று என் பேச்சை யார் கேட்டார்கள்?

கருவியைப் பெருமையோடு அவள் கையில் கொடுத்தேன். முதலில் திரையை விரலால் தள்ளிப் பார்த்தாள். அப்புறம் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்க் கண்ணைச் சுருக்கினாள்.

"லைட்டைப் போடுங்கப்பா."

இதில் லைட் கிடையாது என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினேன்: இதை உருவாக்கியதில் முக்கியமானவர் குன்பெய் யோகோய், புத்தம்புது தொழில்நுட்பத்தைவிட, நன்றாகப் பழகிய, விலை குறைந்த தொழில்நுட்பத்தைப் புது விதமாகப் பயன்படுத்துவதுதான் அவர் வழி, போட்டிக்கு வந்த கேம் கியரில் கலரும் லைட்டும் இருந்தன, ஆனால் ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும், இதுவோ நான்கே பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும், லைட் வைத்த கேம் பாய் 1998-இல்தான் வந்தது, அதுவும் ஜப்பானில் மட்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ இன்னும் ரிப்பேர் ஆகலையா?" என்றாள்.

கடைசியில் மனைவி செல்போன் டார்ச்சைப் பிடிக்க, மகள் ஆட, நான் இருவருக்கும் நடுவில் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தேன். நீளக் கட்டை வரவே இல்லை என்ற கோபத்தில் மகள் கருவியை இரண்டு தடவை பலமாக உலுக்கினாள்.

"அப்பா, உள்ள என்னமோ உருளுது."