திருடனின் கனவளவு

விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, மாங்காய்க்குக் கல்லெறிந்து பிடிபட்டது எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் அலிபாபாவைப் பற்றி எழுதுகிறேன் என்று எங்கள் பழைய பள்ளிக்கூடத்தின் மலர்க்குழுவுக்குச் சொல்லிவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். ரிவியும் டெக்கும் (வீடியோ நாடா போடும் பெட்டி) வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்க்கும் பழக்கம் யாழ்ப்பாணத்து ஊர்களில் பரவிக்கொண்டிருந்த நேரம். எங்கள் ஏழாம் ஆண்டு வகுப்பாசிரியையான கணக்கு ரீச்சர் அந்த ரிவியையும் டெக்கையும் ஒரு நாள் பள்ளிக்கூட மண்டபத்துக்கே வரவழைத்தார். படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் வெளியிட்டது, டி. ஆர். சுந்தரம் இயக்கியது, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தது. தமிழில் வந்த முதல் முழுநீள வண்ணப்படம் அதுதான். எங்களுக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. பாட்டும் சண்டையும் போதும், பாடம் இல்லை, அதுவே பெரிய விஷயம்.

பாடம் அடுத்த நாள் தொடங்கியது. ரீச்சர் மற்ற ஆசிரியர்களோடு முன்கூட்டியே பேசிவைத்திருந்தார். அந்த வாரம் எந்தப் பாடத்துக்குப் போனாலும் அலிபாபா வந்து நின்றான். சமயப் பாடத்தில் அலிபாபாவின் சகோதரன் காசிமின் பேராசை. அதில் எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. சித்திரத்தில் குகை. எல்லோரும் ஒரே குகையைத்தான் கீறினோம். சமூகக்கல்வி மாஸ்ரர், எம்.ஜி.ஆர். பிறந்த நாவலப்பிட்டியில் தொடங்கி, கொழும்பு, அரபிக்கடல், பாரசீக வளைகுடா என்று பாக்தாத் வரை எங்களைத் தேசப்படத்தில் விரல் வைத்துப் போக வைத்தார்.

விஞ்ஞான மாஸ்ரர் படத்தை விட்டுவிட்டு ரிவியைப் பிடித்துக்கொண்டார். வாடகைப் பெட்டியைத் திருப்பி அனுப்ப முன்பு, ஆய்வுகூடத்திலிருந்து பெரிதாக்கிக் காட்டும் ஒரு கைவில்லையைக் கொண்டுவந்து ஒவ்வொருவராகத் திரைக்குக் கிட்டப் பார்க்கச் சொன்னார். பானுமதியின் உடையில் மஞ்சள் தெரிந்த இடத்தில் வில்லையை வைத்தால் மஞ்சளே இல்லை. சிவப்பும் பச்சையுமாகச் சின்னச் சின்னப் பொட்டுகள்தான். "அப்ப மஞ்சள் எங்கையடா இருக்கு?" என்று கேட்டுவிட்டு மாஸ்ரர் பேசாமல் நின்றார். கண்ணில், மூளையில் என்றெல்லாம் நாங்கள் சண்டை பிடித்தோம்.

ஆனால் அந்த வாரத்தின் ராசா கணக்குத்தான். ரீச்சர் மூலக் கதையிலிருந்து எண்களை எடுத்துத் தந்தார். திருடர் 40 பேர். அலிபாபாவின் வீட்டை அடையாளம் வைக்கப் போய்ச் சொதப்பிய இருவரின் தலையும் வெட்டப்படுகிறது. மிச்சம் 38. தலைவன் எண்ணெய் வியாபாரியாக வேடம் போடுகிறான், 37 பேர் சாடிகளுக்குள் ஒளிகிறார்கள், 38ஆவது சாடியில் உண்மையான எண்ணெய். கோவேறு கழுதைகள் 19, ஒன்றுக்கு இரண்டு சாடி. கணக்குச் சரியாகத்தான் வந்தது. அப்புறம் ரீச்சர் கேட்டார்: ஒரு திருடனின் கனவளவு என்ன, அதாவது அவன் எவ்வளவு இடத்தை அடைப்பான்?

உருளை, கூம்பு எல்லாம் படித்திருந்தோம். மனிதனுக்குச் சூத்திரம் இல்லை. பள்ளிக்கூடக் கிணற்றடியில் ஒரு பரலை (பீப்பாயை) விளிம்பு வரை தண்ணீரால் நிரப்பி, வகுப்பில் மெலிந்தவனை உள்ளே இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையோடு முழுகச் சொன்னோம். அவன் ஏறிய பிறகு மறுபடி விளிம்பு தொட 32 லீற்றர் ஊற்ற வேண்டியிருந்தது. கூட்டுறவுச் சங்கக்கடைத் தராசில் அவன் நிறை 31 கிலோ. மிச்ச ஒரு லீற்றர் அவன் காற்சட்டையோடும் தலைமயிரோடும் போய்விட்டது என்று முடிவு கட்டினோம். மனித உடம்பின் அடர்த்தி தண்ணீருக்குக் கிட்டத்தட்டச் சமம், அதனால்தான் மிதக்கிறோம் என்று ரீச்சர் சொன்னபோது அது புத்தகச் செய்தியாக இல்லை. நனைந்தவன் பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நின்றான்.

ஆக, 60 கிலோ திருடன் சுமார் 60 லீற்றர். முடங்கி உட்காரச் சாடி அதைவிட நல்ல பெரிதாக வேண்டும். ஒரு கழுதையின் இரு பக்கமும் 120 கிலோ ஆள் பாரம், சாடிகளின் நிறை வேறு. கோவேறு கழுதை தன் நிறையில் ஐந்தில் ஒரு பங்கைச் சுமக்கும் என்று வைத்தால், 400 கிலோ கழுதைக்கே 80 கிலோதான். மன்னாரிலிருந்து வந்து எங்களோடு படித்தவன் ஒருவன் இருந்தான். ஊரில் கழுதைகளுக்கு நடுவே வளர்ந்தவன். "படுத்திடும் ரீச்சர்" என்றான். அவ்வளவுதான், தலைவனின் திட்டம் நகர வாசலுக்கு வர முன்னமே முறிந்தது. கதையில் அலிபாபா வீட்டு மார்ஜியானா அந்த எண்ணெயைக் கொதிக்கவைத்துச் சாடிகளுக்குள் ஊற்றித் திருடர்களைக் கொல்கிறாள். எண்ணெய்ச் சாடியில் 60 லீற்றர் இருந்தால் 37 பேருக்கும் ஆளுக்கு எவ்வளவு கொதி எண்ணெய் என்றும் பிரித்தோம்: ஒன்றரை லீற்றருக்குச் சற்று மேல். அது போதுமா என்று கடைசி வாங்கில் இருந்த ஒருவன் கேட்டதும் ரீச்சர் கொப்பியை மூடச் சொல்லிவிட்டார்.

அந்தக் கேள்வியைத் தமிழ் ரீச்சர் கையில் எடுத்தார். 37 பேரைக் கொன்ற மார்ஜியானா செய்தது சரியா? கதையில் அவள் அடிமைப் பெண். மூளை முழுதும் அவளுடையது, பெயர் மட்டும் அலிபாபாவுக்கு. திருடன் ஒருவனின் தாய் எழுதும் கடிதமாக ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். படம் முழுக்கக் கைதட்டிய நாங்கள் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தோம்.

பிற்காலத்தில் வாசித்துத் தெரிந்துகொண்டது: இந்தக் கதை பழைய அரபுக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்ற இளைஞர் 1709இல் பாரிசில் வாயால் சொல்ல, அந்துவான் கலான் அதைப் பிரெஞ்சில் விரித்து எழுதினார். ஊர்விட்டு ஊர் போனவன் சொன்ன கதை. தமிழ் ரீச்சருக்கு இது தெரிந்திருந்தால் இன்னும் ஒரு கட்டுரை எங்கள் தலையில் விழுந்திருக்கும்.

நான் இப்போது இருக்கும் ரொறன்ரோவில் வகுப்பில் படம் போடுவது சாதாரணம். பல வேளை அது ஆசிரியருக்கு ஓய்வு, பிள்ளைகளுக்குப் பொப்கோர்ன். எங்கள் ஆசிரியர்கள் படத்தை நம்பவுமில்லை, பழிக்கவுமில்லை. சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தார்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நானும் அதே படத்தைப் போட்டுப் பார்த்தேன். கழுதைக் கணக்கை எடுக்க முன்பே ஒரு சிறுமி கையை உயர்த்தினாள்: "குகையில இருந்தது வேற ஆக்களின்ர காசுதானே, அலிபாபா ஏன் அதைத் திருப்பிக் குடுக்கேல்ல?" மிச்ச நேரம் முழுக்க அதிலேயே போய்விட்டது. கழுதைகளை அடுத்த கிழமைக்குத் தள்ளிவைத்தேன்.