உப்பு ஜாடி

ஜூலை 22, திங்கள்

அப்பா எடை 68.4.

அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தாச்சு. இதயத்தின் பம்பிங் 35 சதவீதம்தான். தாளில் மூன்றே வரி: உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், தண்ணீர் ஒன்றரை லிட்டர், தினமும் காலையில் எடை. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் போன் பண்ண வேண்டும்.

5 கிராம் என்பது தலை தட்டிய ஒரு தேக்கரண்டிகூட இல்லை. இட்லி மாவில் போடுவதும் அதில்தான் சேர்த்தி. ரசம், மோர், கஞ்சி எல்லாம் ஒன்றரை லிட்டரில் சேர்த்தி.

அம்மா வாசலிலேயே கேட்டுவிட்டாள், "இனி அவருக்குத் தனிச் சட்டியா?" கிடையாது. ராத்திரி எல்லோரும் ஒரே சட்டியில்தான் சாப்பிடப் போகிறோம். உப்பு வேண்டியவர்கள் தங்கள் தட்டில் போட்டுக்கொள்ளட்டும். உப்பு ஜாடியை அடுப்படியிலிருந்து எடுத்து மேல் தட்டில் வைத்துவிட்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

68.4. பிரிட்ஜைக் காலி பண்ணினேன். பாட்டில்களின் முதுகில் இருக்கும் பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்! சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டிக்கு ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம். அப்பாவுக்கு நாள் முழுக்கவே 2000தான். இஞ்சி பூண்டு விழுது பாக்கெட்டில் உப்பு. சிக்கன் பொரிக்கிற பொடியில் உப்பு. ஆப்ப சோடாவும் சோடியம்தான், அதனால் அப்பளமும் போச்சு. எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி மாடிக்கு அனுப்பினேன்.

நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியை மட்டும் அம்மா விடவில்லை. "அது எனக்கு."

ஜூலை 24, புதன்

68.2. காற்று இன்றும் நிற்கவில்லை. வாசல் முழுக்க மண்.

ஜூலை 25, வியாழன்

68.3. இஞ்சியும் பூண்டும் சம எடை, தண்ணீர் விடாமல் இரண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டு அரைத்தேன். பிரிட்ஜில் வைத்து நாலு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். பாதியில் எலுமிச்சை பிழிந்து வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் அந்தப் பாதி பச்சை பூத்திருந்தது, ஓரத்தில் லேசாக நீலம்கூட. அம்மா கொட்டப் போனாள். கெட்டுப்போகவில்லை அம்மா, பூண்டில் புளிப்பு பட்டால் சில சமயம் இப்படி நிறம் மாறும், சாப்பிடலாம் என்றேன். அவள் நம்பவில்லை. சரி, அந்தப் பாதி எனக்கு.

ஜூலை 26, வெள்ளி

68.3. மாதா கோவிலில் கொடியேற்றம். வேட்டுச் சத்தத்துக்கு அப்பா எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

திரேஸ்புரத்திலிருந்து விளைமீன் வந்தது. ரொம்ப நேரம் யோசித்தது இந்த மசாலாவைத்தான். உப்பு இல்லாத குறையை மறைக்கக் காரத்தை ஏற்றினால் எல்லோரும் கண்ணீர் விட்டுக்கொண்டுதான் சாப்பிட வேண்டும், அதில் ருசி வராது. மிளகு, சீரகம், முண்டு வத்தல் மூன்றையும் வெறும் சட்டியில் நன்றாகச் சிவக்க வறுத்தேன். சிவந்த வாசனைதான் பாதி வேலை செய்யும். சின்ன வெங்காயத்தைத் தோலோடு அடுப்பில் சுட்டு, உரித்து, பூண்டு, மஞ்சள், கறிவேப்பிலையோடு அம்மியில் அரைத்தேன். கெட்டியாகத் தடவி அரை மணி நேரம். எலுமிச்சையை மசாலாவில் கலக்கவே இல்லை. முதலிலேயே விட்டு ரொம்ப நேரம் வைத்தால் மீனின் மேல்புறம் வெளுத்து உதிர ஆரம்பிக்கும். பொரித்துத் தட்டில் வைத்த பிறகு பிழிந்தேன், அப்போதுதான் அந்தப் புளிப்பு நாக்கில் முதலில் படும்.

எல்லோருக்கும் அதே மீன். உப்பு ஒரு கிண்ணியில் நடுவில். இவர் இரண்டு சிட்டிகை எடுத்தார். சின்னவள் எடுக்கவே மறந்துவிட்டாள்.

அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏட்டி, இது மீனா மருந்தா?"

ஆனால் முள்ளை மட்டும்தான் மிச்சம் வைத்தார்.

ஜூலை 28, ஞாயிறு

68.1. கோழி. இது மீனைவிடக் கஷ்டம். உப்பு போட்டு ஊற வைத்தால் கறி தன் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உப்பில்லை என்றால் வெந்ததும் சக்கை. அதனால் நெஞ்சுக் கறியே வாங்கவில்லை, தொடை மட்டும். ஆழமாகக் கீறி, புளித்த தயிர், அந்த இஞ்சி பூண்டு, வறுத்த மல்லிப் பொடி, சுட்ட மிளகாய் சேர்த்து ராத்திரி முழுக்க பிரிட்ஜில். பப்பாளிக்காய் அரைத்துப் போடலாம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். போட்டால் மெத்தென்று ஆகும், ஆனால் ராத்திரி முழுக்க வைத்தால் கூழாகிவிடும். தயிர் போதும்.

கூடவே புதினா, மல்லித்தழை, பச்சை மிளகாய், பொட்டுக்கடலை, எலுமிச்சை அரைத்த துவையல். அதை இவர் கோழிக்குத் தொட்டு, தோசைக்குத் தொட்டு, கடைசியில் வெறுமனே வழித்துத் தின்றார். உப்பு கேட்கவில்லை. நானும் சொல்லிக்காட்டவில்லை.

அம்மா தட்டில் மட்டும் நார்த்தங்காய். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அப்பா சோறு பிசைவதை நிறுத்திவிட்டார். கோபத்தில் நான் எழுந்து போய்ப் பாத்திரம் விளக்கினேன். நாற்பத்தைந்து வருஷம் அவர் ருசிக்குச் சமைத்த கை அது, திடீரென்று கட்டிப்போட்டால் எங்கே போகும் என்று இப்போது தோன்றுகிறது. இருந்தாலும் அதை அவர் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம்.

ஜூலை 29, திங்கள்

68.5. ஊறுகாய் ஜாடியின் வாயில் துணி வேறு மாதிரி கட்டியிருக்கிறது.

ஜூலை 31, புதன்

68.2. சின்னவளுக்கு பாட்டில் தக்காளி சாஸ் இல்லாமல் சப்பாத்தி இறங்காது. ஒரு கிலோ நாட்டுத் தக்காளி, பட்டை, கிராம்பு, பூண்டு மூன்றையும் துணியில் முடிந்து போட்டு வேக வைத்து, வடிகட்டி, மறுபடி அடுப்பில். சர்க்கரை, வினிகர், கொஞ்சம் வத்தல் பொடி. ஒரு சொட்டைத் தட்டில் விட்டுப் பார்க்க வேண்டும். சுற்றிலும் தண்ணீர் வளையம் ஓடினால் இன்னும் கொதிக்கணும். முதல் சொட்டுக்கு வளையம் ஓடியது, அடுத்ததற்கும் ஓடியது, கையெல்லாம் தெறித்தது, அப்புறம்தான் ஒட்டி நின்றது. உப்பும் இல்லை, கெடாமல் இருக்க வேறெதுவும் இல்லை, அதனால் சின்ன பாட்டில், பிரிட்ஜ், ஒரு வாரம்.

"கடைல உள்ளது மாரியே இல்ல," என்றாள். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

68.3. கால் வீக்கம் இல்லை. கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. தூங்கும்போதுகூட. அப்பாவுக்கு எரிச்சல்.

ஆகஸ்ட் 3, சனி

68.3. அண்ணனும் மதினியும் மஸ்கட்டிலிருந்து வந்தாச்சு. அண்ணன் பையிலிருந்து முதலில் எடுத்தது சோடியம் குறைந்த உப்பு, இரண்டு பாக்கெட். அப்பா முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! நான்தான் கெடுத்தேன். அதில் சோடியத்துக்குப் பதில் பாதிக்குப் பாதி பொட்டாசியம். அப்பா சாப்பிடுகிற மாத்திரை பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்துகிற ரகம், இளநீரே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணனுக்குக் கோபம். "நீ என்ன டாக்டரா?" இல்லை. டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் சொன்னேன் என்றேன். மதினி பாக்கெட்டை எடுத்துத் திரும்பப் பையில் வைத்தாள். அவளைத்தான் இந்த வீட்டில் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

68.3. நாளைக்கு விருந்து. பெரியம்மா வீடு, சித்தப்பா வீடு எல்லாம் வருகிறார்கள். மசாலா மொத்தத்தையும் உப்பில்லாமல் அரைத்து, அப்பாவுக்குள்ளதைத் தடவி எடுத்து வைத்துவிட்டு, மீதியில் உப்பு கலப்பதாகப் பேச்சு. மதினி அரைக்கிறாள். நான் புளியும் உடன்குடிக் கருப்பட்டியும் கரைத்து, சுக்கு தட்டிப் போட்டுக் காய்ச்சினேன். கரண்டியின் முதுகில் படிகிற பதம். பொரித்த மீன் மேல் ஊற்றினால் உப்பை யாரும் தேட மாட்டார்கள். அம்மா விரலில் தொட்டு நக்கிவிட்டு, "ஒரு கிராம்பு போடு" என்றாள். போட்டேன். அவள் சொன்னதுதான் சரி.

ஆகஸ்ட் 5, திங்கள்

68.7. வீடு நிறைய ஆள். சப்பரம் பார்க்க எல்லோரும் போயிருக்கிறார்கள். அப்பாவும் பெரியம்மாவும் திண்ணையில்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

69.5. தராசை நகர்த்தி வைத்துப் பார்த்தேன். 69.5. பெரியம்மா கொண்டுவந்த கருவாட்டுத் தொக்கு டப்பா கழுவி வைத்திருக்கிறது. யாரைக் கேட்டாலும் நான் தொடவில்லை என்கிறார்கள். அப்பா பேப்பர் படிக்கிறார்.

ஆகஸ்ட் 7, புதன்

70.4. போன் பண்ணினேன், உடனே கூட்டி வரச் சொன்னார்கள். கணுக்காலில் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. ராத்திரி தலையணை அடுக்கி வைத்தும் படுக்க முடியவில்லை. அப்பாவுக்கு இப்போது வேட்டி மாற்ற வேண்டுமாம். அம்மா மாத்திரை டப்பாவைத் தேடுகிறாள், அது என் கையில் இருக்கிறது. பாறை மீன் மசாலா தடவி பிரிட்ஜில் இருக்கிறது, மத்தியானத்துக்குள் பொரிக்க மதினியிடம் சொல்ல வேண்டும். எக்கோ ரிப்போர்ட், பழைய சீட்டு, எடை எழுதின நோட்டு. ஆட்டோ வந்துவிட்டது.