பல்லை எண்ணாதீர்கள், ஆளை எண்ணுங்கள்: முகத்தாடை அறுவை தீசிஸ், வைவா குறிப்புகள்

ரிசல்ட் வந்த சூட்டோடு எழுதுவதால் கொஞ்சம் காரமாக இருக்கலாம். ஞானப்பல் தீசிஸ் செய்கிறவர்களுக்குத்தான் இது முதலில்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பெரும்பாலோர் கவிழ்வது ஒரே கேள்வியில்: “உங்கள் ஆய்வின் அலகு நோயாளியா, பல்லா?” 30 பேர், ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கமும் புதைந்த ஞானப்பல், ஒரு பக்கக் குழியில் பிஆர்எஃப் (நோயாளியின் ரத்தத்தைச் சுழற்றி எடுக்கும் ஃபைப்ரின் திரள்), மறுபக்கம் வெறுமனே தையல். இதை எக்செல்லில் 60 வரிசையாகப் போட்டு சாதாரண டி டெஸ்ட் ஓட்டினால் தீசிஸ் அங்கேயே முடிந்தது. இரண்டு குழியும் ஒரே ஆளுடையவை. அதே ரத்தம், அதே புகைப்பழக்கம், அதே வலி தாங்கும் சக்தி. ஒரு நோயாளிக்கு ஒரு வரிசை, பக்கத்துக்கு ஒரு பத்தி. போட வேண்டிய டெஸ்ட் பேர்டு டி (ஜோடி ஜோடியாக ஒப்பிடுவது); வித்தியாசங்கள் நார்மல் பரவலில் இல்லையென்றால் வில்காக்சன் சைன்டு ரேங்க்; ‘உண்டு, இல்லை’ வகை விடைக்கு மெக்நெமார்.

தவறு எந்தப் பக்கம் சாய்க்கும் என்பதையும் கேட்பார்கள். ஸ்ப்ளிட் மவுத்தில் (ஒரே வாயின் இரு பக்கங்களை ஒப்பிடும் ஆய்வில்) ஜோடியை மறந்தால் இருக்கிற வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துபோகும். ஒரே ஆளுக்கு ஒரே வகை இம்ப்ளான்ட் நான்கு வைத்துவிட்டு நான்கையும் தனித்தனியாக எண்ணினால், நேர்மாறாக, இல்லாத வித்தியாசம் இருப்பதாகத் தெரியும்.

டிசைன் நிலையிலேயே தோற்றுப்போகிற தலைப்புகளும் உண்டு. வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டான டெக்சாமெத்தசோன் மாத்திரையோ தசை ஊசியோ ரத்தத்தில் கலந்து இரண்டு பக்கத்துக்கும் போகும். ஒரே அமர்வில் அதை ஸ்ப்ளிட் மவுத் ஆக்க முடியாது. இரண்டு பல்லையும் ஒரே நாளில் எடுத்துவிட்டு வாய் திறப்பை ‘ஆய்வுப் பக்கம்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். இருப்பது ஒரு வாய்தானே! விழுங்கிய வலி மாத்திரைகளின் எண்ணிக்கைக்கும் இதே கதி. இந்த அளவுகள் வேண்டுமென்றால் இரண்டு அமர்வு, நடுவே குறைந்தது மூன்று நான்கு வாரம். முதல் பக்கத்து அனுபவம் இரண்டாம் பக்கத்து வலி மதிப்பெண்ணைத் தொற்றும் என்பதால் பக்கத்தை மட்டுமல்ல, எது முதலில் என்பதையும் ரேண்டமைஸ் செய்யுங்கள் (குலுக்கல் முறையில் தீர்மானியுங்கள்).

சாம்பிள் சைஸை புள்ளியியலாளர் போட்டுக்கொடுத்தாலும் கணக்கு உங்கள் கையில் வர வேண்டும். இரண்டு தனிக் குழு, 5% ஆல்ஃபா (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு), 80% பவர் (இருக்கிற வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு) என்றால் அவற்றுக்குரிய 1.96, 0.84 இரண்டையும் கூட்டினால் 2.8, அதன் வர்க்கம் 7.84. அதை இரண்டால் பெருக்கி, திட்ட விலக்கத்தின் வர்க்கத்தால் பெருக்கி, எதிர்பார்க்கும் வித்தியாசத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். விஏஎஸ்ஸில் (வலியை ஒரு கோட்டில் குறிக்கும் அளவுகோலில்) விலக்கம் 20 மிமீ, வித்தியாசம் 15 மிமீ என்றால் குழுவுக்கு 28. பத்து சதவீதம் பேர் வராமல் போவார்கள் என்று 0.9 ஆல் வகுத்தால் 32. ஜோடி ஆய்வுக்கு இரண்டால் பெருக்குவது இல்லை. ஆனால் அங்கே வர வேண்டியது ஜோடி வித்தியாசங்களின் திட்ட விலக்கம்.

டிரை சாக்கெட்டை (பல் எடுத்த குழியில் ரத்தக்கட்டி நிலைக்காமல் வலிப்பதை) முதன்மை விளைவாக வைக்காதீர்கள். 10 சதவீதம் 5 ஆகக் குறைகிறது என்று காட்டவே தனிக் குழுக்களில் குழுவுக்கு 430க்கு மேல் தேவை. 30 பேரில் அது இரண்டாம் நிலை விளைவுதான், அப்படியே எழுதுங்கள்.

அளவெடுப்பில் நழுவும் இடங்கள்:

- வீக்கம்: ட்ராகஸிலிருந்து (காதின் முன்மேடு) வாய்க்கோணம், ட்ராகஸிலிருந்து போகோனியன் (முகவாயின் முன்முனை), கண்ணின் வெளிக்கோணத்திலிருந்து தாடைக்கோணம். பற்கள் கடித்தபடி, நாடா தோல்மேல் படிந்தபடி. ஏழாம் நாளில் மட்டும் அளந்தால் ஒன்றும் கிடைக்காது. வீக்கம் உச்சம் தொடுவது 48 முதல் 72 மணி நேரத்தில்.
- வாய் திறப்பு: மேல், கீழ் வெட்டுப்பல் முனைகளுக்கு இடையே, வெர்னியரால். அறுவைக்கு முன் எடுத்த அளவு இல்லையென்றால் அந்த நோயாளியின் மற்ற அளவுகளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.
- அளப்பவர் ஒருவரே. எந்தப் பக்கம் எது என்று அவருக்குத் தெரியக் கூடாது. முதல் பத்துப் பேரை இருமுறை அளந்து ஐசிசி (இரு அளவும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண்) போட்டு வையுங்கள்.
- பிஆர்எஃப்: ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) மட்டும் சொன்னால் போதாது. 3000 ஆர்பிஎம், ரோட்டர் ஆரம் 10 செமீ என்றால் ஏறத்தாழ 1000 ஜி. ஆரம் மாறினால் விசையும் மாறும். உறைதடுப்பான் இல்லாத குழாய் என்பதால் ரத்தம் எடுத்த உடனே சுழலவிட வேண்டும், தாமதித்தால் குழாயெங்கும் உறைந்துவிடும்.

ரேண்டமைசேஷன் என்று எழுதிவிட்டு ஓபி (புறநோயாளி) எண்ணின் ஒற்றை, இரட்டையை வைத்துப் பிரித்தால் அது ரேண்டமைசேஷன் அல்ல. அடுத்தவருக்கு என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால், கடினமான பல்லை அறியாமலே ஒரு பக்கம் தள்ளிவிடுவோம். வரிசை எண் போட்ட, ஒளி ஊடுருவாத, ஒட்டிய உறைகள் வேண்டும். அதை பல்லை எடுத்து முடித்த பிறகு பிரிக்கவேண்டும், ஃப்ளாப் (ஈறு மடல்) தூக்கும் முன் அல்ல. இந்த ஒரு வரியை மெத்தடாலஜியில் எழுதியவரிடம் தேர்வாளர் அந்தப் பக்கத்தில் அதிக நேரம் நிற்பதில்லை.

டிரையல் பதிவு முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் முடிந்திருக்க வேண்டும். டிரையல் அறிக்கைக்கான சரிபார்ப்புப் பட்டியலான கன்சார்ட் இப்போது 2025 பதிப்பு, 30 அம்சம். ஸ்ப்ளிட் மவுத் ஆய்வுக்கு 2017இல் வந்த தனி நீட்டிப்பையும் பாருங்கள். ஃப்ளோ சார்ட்டில் சேர்ந்தவர், விலகியவர், கணக்கில் வந்தவர் எண்ணிக்கை முடிவு அட்டவணையோடு கூட்டிப் பார்த்தால் சரியாக வருகிறதா என்று பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை விரல் விட்டு எண்ணிவிடுங்கள். தேர்வாளர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.